ஒன்பது பலகை

தம்பலகாமத்தில் எங்கள் வீட்டுக்குக் கதவு இல்லை.
ஒன்பது பலகை இருக்கிறது.
நிலைத்தூண் காடியில் ஒன்றன்மேல் ஒன்றாய் இறங்கும்;
ஒவ்வொன்றின் மூலையிலும் உளியால் வெட்டிய எண்:
அடியில் ௧, உச்சியில் ௯.
நெல் ஏற ஏறப் பலகை ஏறும்,
நெல் இறங்க இறங்கப் பலகை கழன்று வரும்.
எவ்வளவு மிச்சம் என்று அறிய
போடியார் உள்ளே வரத் தேவையில்லை,
வெளியே நின்று எண்ணை வாசித்தால் போதும்.
நூறு அவணம் கொண்ட களஞ்சியம்.
இப்போது நாங்கள் இரண்டு பேர், ஒரு மின்விசிறி,
தவநீதனுடைய தும்மல்.

முதல் மழைக்குச் சுவரெல்லாம் உமி மணக்கும்.
அன்றைக்கு விடியும்வரை தும்முவார்.

மாட்டுக்கொட்டில்தான் சமையலறை.
தளம் வடக்கே சரிவு,
மூத்திரம் ஓட என்று யாரோ அளந்து வைத்த சரிவு.
பருப்பு கொட்டினால் வடக்கே போகும்.
உருளைக்கிழங்கு தவறினால்
சத்தம் போட்டுக்கொண்டே வடக்கே போகும்.
தொலைந்தது எதையும் நான் தேடுவதில்லை;
நேரே கானுக்குப் போய்க் குனிவேன்.

திணைக்களத்துக் கடிதம் நாலு பக்கம்.
பாதுகாக்கப்பட்ட கட்டடம்:
ஆணி அடிக்கக் கூடாது,
துளை போடக் கூடாது, சீமெந்து ஆகாது.
பலகைக்குப் பதில் ஒரு கதவு கேட்டிருந்தோம்.
மூன்றாம் பக்கத்தில், ஒரே சொல்லில், இல்லை.
ஆகவே நுளம்புவலையின் இரண்டு முனை
தராசு தொங்கிய கொக்கியில்,
மற்ற இரண்டும் இரண்டு கதிரையின் முதுகில்.
யாராவது புரண்டு படுத்தால்
கதிரை ஒன்று நடக்கும்.

பாதுகாக்கப்பட்ட.
அந்தச் சொல்லைத் தவநீதன்
விரலால் தொட்டுத் தொட்டு இரண்டுதரம் வாசித்தார்.
ஏழு வயதில் அவரை இதற்குள்தான்
நெல்லில் கழுத்துவரை புதைத்து வைத்தார்களாம்,
ஒரு பகல், ஒரு இரவு,
வட்டைப் பக்கமிருந்து வெடிச்சத்தம் ஓயும்வரை.
எது தைத்தாலும் நெல் வாங்கிக்கொள்ளும் என்று
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
வாங்கிக்கொண்டது.

தும்மல் அதற்குப் பிறகுதான்.

அளக்க வந்தவள் நதீஷா,
சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த பெண்.
சிவப்பு வெளிச்சக் கருவியால் சுவர் சுவராய்த் தொட்டாள்.
தெற்குச் சுவரில் பதினொரு துவாரம்.
படிவத்தில் அவற்றுக்கும் ஓர் இடம் இருந்தது:
பிற்காலச் சேதம். மூடலாம்.
இந்த வீட்டில் கேட்காமலே
எங்களுக்குக் கிடைத்த ஒரே அனுமதி அது.

கிண்ணியாவிலிருந்து மேசன் இஸ்மாலெவ்வை வந்தார்.
சுண்ணாம்பை ஏழு நாள் நீற்றி,
கருப்பட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்தார்.
"எல்லாத்தையும் மூடுறதா மகள்?"
நான் தவநீதனைப் பார்த்தேன்.
வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நேரம் என்று
மண்வெட்டியோடு போய்விட்டார்.
மூடுங்கோ என்றேன்.

பின்னேரம் எண்ணிப் பார்த்தேன், பத்து.
பதினோராவதில்
ஒரு குளவி ஏற்கனவே மண் வைத்து அடைத்திருந்தது.
யாரிடமும் கேட்கவில்லை,
கடிதமும் போடவில்லை.
மேசன் அதைச் சுற்றிக் கவனமாய்ப் பூசியிருந்தார்,
தழும்பில் கைபடாமல் சட்டை மாட்டுகிறமாதிரி.
நதீஷா திரும்பி வந்தால்
என்ன எழுதுவாளோ தெரியாது.

எனக்குக் கந்தளாய் ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
விடிய ஐந்தரைக்கு வந்து பலகையில் தட்டுவேன்.
உள்ளே கதிரை இழுபடும், ஒரு தும்மல்,
பிறகு ௯ மேலெழும்:
நெற்றி.
௮, ௭: தூக்கம் கலையாத கண்.
௬ எப்போதும் இறுகிப் பிடிக்கும், அதற்கு ஒரு ஏச்சு.
௫ எடுத்ததும் தேத்தண்ணிக் கோப்பை வெளியே வரும்.
நின்றபடி குடிப்பேன்.
வயலில் ஆட்காட்டி கத்தும்,
பஸ் திரும்பிப் போகும் சத்தம் கேட்கும்.
௩ வரை பொறுத்ததில்லை நான்.
தாதிச் சட்டையை ஒரு கையில் தூக்கிப் பிடித்து,
மிச்சப் பலகைக்கு மேலாலே காலைப் போட்டு
உள்ளே இறங்கிவிடுவேன்.

நெல்லும் இப்படித்தான் வந்ததாம்,
மேலாலே.